ஊரில் மூன்றும் தும்பைதான். தாளில் என்ன பெயர் எழுதுவது?

பனையோலை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். உலர்தாவரத் தொகுப்புக்காக (செடியை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டிச் சேர்ப்பது) ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் எடுத்த மூன்று செடிகள், படமும் போட்டிருக்கிறேன். மூன்றுக்கும் ஊரில் தும்பை என்றே பெயர்.

அ: திருப்பாலைக்குடிப் பக்கம், குண்டு மிளகாய் வயல் வரப்பு. முழங்கால் உயரம். சதுரத் தண்டு. வெள்ளைப் பூ, கணுவுக்குக் கணு உருண்டையாகச் சேர்ந்திருக்கிறது. தடவினால் சொரசொரப்பு.

ஆ: பெரியபட்டினம், பனைமரத்தடி மணல். தரையோடு படர்ந்த மெல்லிய தண்டு. இலைக்கக்கத்தில் இரண்டிரண்டு வெள்ளைப் பூ.

இ: தேவிபட்டினம் சாலையோரம். வெளிர்நீலப் பூ, முகம் கவிழ்ந்தது. கேட்டால் "கவிழ்தும்பை" என்றார்கள்.

போன் ஆப் 'அ'வை லூக்கஸ் ஜெய்லானிக்கா என்கிறது, 'ஆ'வை லூக்கஸ் ஆஸ்பெரா என்கிறது, 'இ'க்கு வாய் திறக்கவில்லை. மூன்றையும் தும்பைப் பேரினமான லூக்கஸ் என்று எழுதி லேமியேசி (துளசிக் குடும்பம்) உறையில் போட்டுவிடலாமா?

லென்ஸ்10

போடாதீங்க. 'இ' லூக்கஸும் இல்லை, லேமியேசியும் இல்லை. தமிழ்ப்பெயரில் தும்பை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அது டிரைக்கோடெஸ்மா, குடும்பம் போராஜினேசி. படத்திலேயே நாலு அடையாளம் தெரிகிறது.

தண்டு உருண்டை. கீழ் இலைகள் எதிரெதிராக இருந்தாலும் மேலே போகப்போக மாற்றடுக்கு. பூவில் மேலுதடு, கீழுதடு என்ற பிரிவே கிடையாது, ஐந்து மடலும் ஒரே அளவு. பூவை விரித்தால் மகரந்தத்தாள் ஐந்து. மகரந்தப்பைகள் கூம்பாகச் சேர்ந்து, நுனி முறுக்கிக்கொண்டு நிற்கும். தும்பைக்கு நாலுதான், இரண்டு நீளம், இரண்டு குட்டை.

சிற்றினம் வரை போகவேண்டுமானால் புல்லிவட்டத்தின் (பூவின் அடியில் உள்ள பச்சைக் கிண்ணம்) அடியைப் பாருங்கள். ஒவ்வொரு புல்லியின் அடியிலும் காதுமடல்போல இரண்டு நீட்சி இருந்தால் டிரைக்கோடெஸ்மா இண்டிகம். காது இல்லாவிட்டால் டிரைக்கோடெஸ்மா ஜெய்லானிகம். காய் பிடித்த பிறகு புல்லி பெரிதாகும், அப்போது கண்ணுக்கே தெரியும்.

நெய்தல்வெளி

ஆனால் அண்ணே, அந்தக் கவிழ்தும்பையிலும் காய்க்குள் நாலு விதை இருக்கிறதே. லேமியேசிக்கு நாலு குறுவித்து (ஒற்றை விதையுள்ள சிறு காய்த்துண்டு) என்றுதானே பாடத்தில் வருகிறது?

கண்டல்காடு

நல்ல கேள்வி தம்பி. அந்த ஒரு அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பழைய ஆட்களே ஏமாந்திருக்கிறார்கள். இரண்டு சூலிலை, குறுக்கே ஒரு பொய்ச்சுவர், அதனால் நாலு அறை, நாலு குறுவித்து. இந்த அமைப்பு இரண்டு குடும்பத்திலும் தனித்தனியாக வந்தது. சூல்தண்டு (மகரந்தம் ஏற்கும் முனையைத் தாங்கும் காம்பு) சூலகத்தின் உச்சியிலிருந்து கிளம்பாமல் அதன் நாலு மடலுக்கு நடுவே அடியிலிருந்து எழுவதையும் இரண்டிலும் பார்க்கலாம். இன்றைய வகைப்பாட்டில் போராஜினேசி போராஜினேல்ஸிலும், லேமியேசி லேமியேல்ஸிலும் இருக்கின்றன. குடும்பத்துக்கு மேலடுக்கான வரிசையே வேறு.

மறுபக்கமும் உண்டு. லேமியேசி என்றாலே அடிச்சூல்தண்டு என்பதும் தப்பு. நம் வேலியில் நிற்கிற நொச்சி, கடலோரச் சங்கங்குப்பி இரண்டும் பழைய நூல்களில் வெர்பினேசி. இப்போது தும்பையோடு லேமியேசியில் இருக்கின்றன. இரண்டிலும் சூல்தண்டு உச்சியில்தான். சங்கங்குப்பியின் பேரினப் பெயரும் கிளீரோடெண்ட்ரத்திலிருந்து வால்க்கமேரியாவுக்குத் திரும்பிவிட்டது. பொடுதலையும் உண்ணிச்செடியும் வெர்பினேசியிலேயே நிற்கின்றன. காரங்காட்டுச் சதுப்பில் இருக்கிற வெண்கண்டல், அதாவது அவிசென்னியா, ஒரு காலத்தில் வெர்பினேசி, இப்போது அக்காந்தேசி. பழைய தாள்களைத் திருத்தும்போது வெர்பினேசி உறையைத்தான் முதலில் பிரிக்கவேண்டும்.

குடும்பத்துக்கு ஒற்றை அடையாளம் கேட்காதீர்கள். சதுரத் தண்டு, எதிரெதிர் இலை, ஈருதட்டுப் பூ, நாலு குறுவித்து, இவை சேர்ந்து வந்தால் லேமியேசி என்று தொடங்கலாம்.

லென்ஸ்10

'ஆ' லூக்கஸ் பைஃப்ளோரா. பைஃப்ளோரா என்றால் இருபூ, பேரிலேயே அடையாளம். படர்ந்த மெல்லிய தண்டு, காம்புள்ள சிறு இலை, கக்கத்தில் இரண்டு பூ. ஆஸ்பெரா இப்படிப் படராது, பூவும் உருண்டையாகச் சேராமல் இருக்காது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உள்ள செடி.

'அ'தான் விஷயம். அதற்கு மேலிருந்து எடுத்த படம் உதவாது. வெள்ளைப் பூவை எல்லாரும் அழகாக எடுக்கிறார்கள், லூக்கஸில் சிற்றினத்தைப் பிரிப்பது பூ அல்ல, பூ விழுந்தபின் நிற்கிற புல்லிவட்டக் குழாய். அதைப் பக்கவாட்டில், அளவுகோலோடு எடுத்துப் போடுங்கள்.

பனையோலை

எந்தப் பூவிலிருந்து எடுக்க? ஒரே உருண்டையில் மொட்டும் இருக்கிறது, காய்ந்ததும் இருக்கிறது.

லென்ஸ்10

உச்சிக் கணுவை விட்டுவிடுங்கள். மேலிருந்து மூன்றாவது அல்லது நான்காவது கணுவில், பூ உதிர்ந்து, குழாய் இன்னும் பச்சையாக இருக்கிற புல்லிவட்டம் ஐந்தாறு எடுங்கள். மொட்டிலும் புதுப்பூவிலும் வாய் ஓரளவு நேராகத் தெரிந்து ஏமாற்றும். காய் முற்றும்போதுதான் குழாய் நீண்டு உண்மையான வடிவத்துக்கு வரும்.

உலர்ந்துவிட்டதென்றால்: கண்ணாடிக் கிண்ணத்தில் கொதி நீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு, புல்லிவட்டத்தைப் போட்டுப் பத்து நிமிடம் மூடிவையுங்கள். சொட்டு சேர்க்காவிட்டால் மயிருக்குள் காற்று சிக்கி மிதக்கும், நனையாது. பிறகு பாதி பிளேடால் நெடுக்கே கீறி விரித்து, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். பார்க்க வேண்டியவை:

குழாய் வளைந்திருக்கிறதா, குறுவித்துக்கு மேலே இடுப்புபோல ஒடுங்குகிறதா, கீழ்ப்பாதி மெல்லிய சவ்வாக, மயிரின்றி, மேல்பாதி பச்சையாக, வரிவரியாக, முரட்டு மயிரோடு இருக்கிறதா, வாய் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தப் பல் பெரியது.

இவை எல்லாம் ஆமாம் என்றால், வாயின் மேல்பக்கம் முன்னால் நீண்டிருந்தால், மேல்பல்தான் பெரியது என்றால், அது லூக்கஸ் ஆஸ்பெரா. குழாய் 8 முதல் 13 மில்லிமீட்டர் வரும்.

வேலிப்பருத்தி

இதில் எனக்குக் கொஞ்சம் தகராறு உண்டு. "சாய்ந்த வாய் என்றால் ஆஸ்பெரா" என்று கல்லூரிகளில் எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். ஜெய்லானிக்காவுக்கும் வாய் சாய்வுதான். ஆப் குழம்புவதும் அங்கேதான்.

லென்ஸ்10

சரிதான், சாய்வை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. வடிவத்தைப் பாருங்கள். ஆஸ்பெராவின் குழாய் வளைந்து, வாய் குறுகியது. ஜெய்லானிக்காவின் குழாய் பம்பரம் மாதிரி: அடி ஒடுங்கி வாய்ப்பக்கம் அகலும். பூவும் கணுவுக்குக் கொஞ்சம்தான், ஆஸ்பெராவின் நெருக்கமான உருண்டை வராது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் குழப்பமே வராது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு விவரணையைப் படித்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கண்டல்காடு

மூன்றாவது ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லூக்கஸ் லாவண்டுலிஃபோலியா, பழைய நூல்களில் லினிஃபோலியா. இலை குறுகி நீண்டது, தண்டில் மயிர் மெத்தென்று படிந்திருக்கும். ஆஸ்பெரா என்ற லத்தீன் சொல்லுக்கே சொரசொரப்பு என்று பொருள். தண்டைக் கீழிருந்து மேலே இரண்டு விரலால் உருவுங்கள். கையில் அராவினால் ஆஸ்பெரா பக்கம், வழுக்கினால் இன்னொரு தடவை யோசியுங்கள். இலை அகலத்தை மட்டும் நம்பவேண்டாம். மழை நன்றாகப் பெய்த வரப்பில் அகன்ற இலையும், தை பிறந்து காய்ந்த மணலில் ஒடுங்கிய இலையும் ஒரே ஆஸ்பெராவில் வரும்.

வட இந்தியப் பட்டியல்களில் துரோணபுஷ்பி என்று வருகிற லூக்கஸ் செஃபலோட்டஸை இதில் கலக்கவேண்டாம். அதன் உருண்டை மிகப் பெரியது, உச்சியில் நிற்கும், அகன்ற பூவடிச்செதில்கள் மூடியிருக்கும்.

தும்பைக்காடு

இலக்கணத்தில் நெய்தல் திணைக்குப் புறன் தும்பைத் திணை. கடற்கரைக்காரர்கள் தும்பையைப் பற்றி இவ்வளவு சண்டை போடுவது பொருத்தமாகத்தான் இருக்கிறது. அப்படியே "தும்பை விட்டு வாலைப் பிடிப்பது" பழமொழியையும் யாராவது இங்கே இழுத்துவருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அது தும்பு, மாட்டுக் கயிறு. இந்தச் செடிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

வேலிப்பருத்தி

இங்கே பூவை விட்டுப் புல்லிவட்டத்தைப் பிடிக்கிறோம் அண்ணே, அதுவே சரி.

பனையோலை

அடுத்த சிக்கல் தாளில். 'அ'வை அழுத்தியில் (செடியைத் தாள்களுக்கிடையே இறுக்கும் பலகைச் சட்டம்) வைத்து மூன்றாம் நாள் திறந்தால் ஒரு பூ கூட ஒட்டியிருக்கவில்லை, செய்தித்தாள் முழுக்க வெள்ளைத் துணுக்கு. கூடவே கீழ்க்கணுக்களில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. காகிதத்தில் அங்கங்கே ஆரஞ்சுக் கறை வேறு.

நெய்தல்வெளி

ஆரஞ்சுக் கறை பூஞ்சையாக இருக்காது, மகரந்தம். தும்பையின் மேலுதடு வெள்ளைக் கம்பளி போட்ட குல்லா மாதிரி மகரந்தத்தாள்களை மூடியிருக்கும். குல்லாவைத் தூக்கினால் உள்ளே ஆரஞ்சு. தேனீ கீழுதட்டில் உட்கார்ந்து தலையை நுழைக்கும்போது அதன் முதுகில் படுவது அதுதான்.

கண்டல்காடு

பூ உதிர்வது உங்கள் தவறு இல்லை. தும்பையின் அல்லிவட்டம் பறித்த சில மணி நேரத்திலேயே கழன்றுவிடும். செய்யவேண்டியது: வயலிலேயே பத்துப் பதினைந்து பூவை மூடியுள்ள சிறு குப்பியில், 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். உள்ளே பென்சிலில் எழுதிய துண்டுச்சீட்டு. பேனா மை கரைந்து ஓடும். இன்னும் பத்துப் பூவைத் தனியாக, விரித்து, மடித்த காகிதத்துக்குள் வைத்து அழுத்துங்கள். தாளில் ஒட்டும்போது ஒரு காகிதப் பொட்டலம் செய்து அதில் இந்தப் பூ, உதிர்ந்த குறுவித்து, தனியாக எடுத்த புல்லிவட்டம் எல்லாவற்றையும் போட்டு மேல் மூலையில் ஒட்டுங்கள். செடி எவ்வளவு அழகாக இருந்தாலும் பொட்டலம் இல்லாத லூக்கஸ் தாள் பாதித் தாள்தான்.

பூஞ்சைக்குக் காரணம் கடற்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் செய்தித்தாளே ஈரத்தை இழுத்துக்கொண்டு நமத்திருக்கும். அந்தத் தாளை மாற்றி என்ன பயன்? மாற்றப்போகும் தாள்களை முதலில் வெயிலில் அரை மணி காய வையுங்கள், சூடாக இருக்கும்போதே மாற்றுங்கள். முதல் மாற்றம் 24 மணி நேரத்துக்குள் நடக்கவேண்டும். அப்போது இலைகள் தளர்ந்திருக்கும், மடங்கியதை நிமிர்த்தி, ஓரிரண்டு இலையின் அடிப்பக்கம் தெரியும்படி திருப்ப அதுதான் நேரம். பிறகு நாலு நாளைக்குத் தினமும், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். ஒவ்வொரு தடவையும் பட்டையை இறுக்குங்கள். செடி காயக் காய அழுத்தி தளரும், தளர்ந்தால் இலை சுருளும். மாலையில் காற்று கடலிலிருந்து வீசும்போது திண்ணையில் வைக்காதீர்கள்.

உருண்டைக் கணுக்கள் தடிமன் என்பதால் அவை அழுத்தியைத் தாங்கி நிறுத்திவிடும், பக்கத்திலுள்ள இலைக்கு அழுத்தம் போகாது. ஒரு கணுவை நெடுக்கே பிளந்து பாதியாக வையுங்கள். மற்றவற்றைச் சுற்றி இலை மேல் மடித்த காகிதம் வைத்து மட்டப்படுத்துங்கள்.

வேரோடு எடுத்தீர்களா? ஒருபருவச் செடி, வேர் இல்லாமல் வைக்கக்கூடாது. வேரில் உள்ள மணலைத் தூரிகையால் தட்டுங்கள். கடலோரச் செடியில் உப்பும் மணலும் ஒட்டியிருக்கும், உப்பு ஈரத்தை இழுக்கும், அந்த இடத்தில்தான் முதலில் பூஞ்சை வரும். தண்ணீரில் அலசினால் முழுக்கத் துடைத்துவிட்டே அழுத்தியில் வைக்கவேண்டும்.

வேலிப்பருத்தி

பூச்சிக்கு மெர்க்குரிக் குளோரைடு பூசச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால் கேட்காதீர்கள். பழைய தொகுப்புகளில் அதுதான் வழக்கம், அந்தத் தாள்களை இன்றும் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. காய்ந்த செடியை பாலித்தீன் பையில் காற்று புகாமல் மூடி, உறைபெட்டியில் மைனஸ் 18-20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் போதும். எடுத்தவுடன் பையைப் பிரிக்கக்கூடாது. ராமநாதபுரம் ஈரக்காற்றில் குளிர்ந்த செடியின்மேல் நீர் கோத்துக்கொள்ளும், உலர்த்தியதெல்லாம் வீண். ஒரு இரவு மூடியபடியே வெளியில் கிடக்கட்டும்.

இன்னொன்று, இழையைப் படிக்கிற மற்றவர்களுக்கும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் கடல்சார் தேசியப் பூங்கா, 1986 முதல். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ஒரு இலை பறிக்கக்கூடாது. தும்பைக்காகத் தீவுக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை, வரப்பு முழுக்க நிற்கிறது.

நாட்டுச்சரக்கு

கடையில் காய்ந்த கட்டாக வரும் "தும்பை"யில் என்ன பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். பூ இருக்காது, இலை நொறுங்கியிருக்கும். தண்டும் கணு உருண்டையும் தப்பிப் பிழைத்திருக்கும், அது போதும். தண்டை உருட்டிப் பாருங்கள். சதுரமாக இருந்தால் உருளாமல் தட்டும். உருண்டையிலிருந்து குழாய் ஒன்றைப் பிய்த்து மேலே சொன்னபடி வெந்நீரில் போடுங்கள். குழாயை உள்ளங்கையில் தட்டினால் பழுப்பு நிறக் குறுவித்து விழும், நீளம் இரண்டரை மில்லிமீட்டர் அளவு, உள்பக்கம் கோணலாக, வெளிப்பக்கம் உருண்டையாக, வழவழப்பாக. கட்டில் பேய்மிரட்டி கலந்திருந்தால் உடனே தெரியும். அனைசோமிலிஸ் மலபாரிகாவின் இலை தடித்தது, அடியில் கம்பளி மயிர். அதற்கும் சில இடங்களில் பெருந்தும்பை என்று பெயர். உருண்டையில் குத்தும் முள் இருந்து, தண்டு விரல் தடிமன் என்றால் லியோனோட்டிஸ் நெப்படிஃபோலியா, ஆரஞ்சுப் பூச்செடி. இரண்டும் லேமியேசிதான், ஆனால் தும்பை இல்லை.

நெய்தல்வெளி

பெயருக்குப் பின்னால் எழுதுகிற ஆசிரியர் பெயர் பற்றி யாராவது சொல்லுங்கள். ஆஸ்பெராவுக்கு ஒரு புத்தகத்தில் ஸ்பிரெங்கல், இன்னொன்றில் லிங்க்.

கண்டல்காடு

வில்டெனோ 1809-ல் பெர்லின் தோட்டப் பட்டியலில் இதை ஃப்ளோமிஸ் ஆஸ்பெரா என்று வெளியிட்டார். லூக்கஸ் என்ற பேரினத்தை ராபர்ட் பிரவுன் 1810-ல் பிரித்தார். மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் நீரில் ஆடியதைப் பார்த்த அதே பிரவுன்தான். லூக்கஸ் என்பது கிரேக்கத்தில் வெள்ளை. வில்டெனோவுக்குப் பின் பெர்லின் தோட்டத்துக்கு வந்த லிங்க் 1822-ல் செடியை அந்தப் பேரினத்துக்கு மாற்றினார். ஆகவே லூக்கஸ் ஆஸ்பெரா (வில்டெ.) லிங்க். அடைப்புக்குள் முதலில் பெயரிட்டவர், வெளியே மாற்றியவர். அடைப்பை விட்டுவிட்டால் பொருளே மாறும்.

ஜெய்லானிக்காவின் கதையும் இதேபோல. லின்னேயஸ் 1753-ல் ஃப்ளோமிஸ் ஜெய்லானிக்கா என்றார். பழைய நூல்களில் (லி.) ரா.பிர. என்று இருக்கும், இப்போது (லி.) டபிள்யூ.டி.அய்ட்டன் என்று எழுதுகிறோம்.

குடும்பப் பெயரில் லேபியேட்டே என்று இருந்தால் அடித்துத் திருத்தவேண்டாம். விதிப்படி இரண்டும் செல்லும். ஒரே தொகுப்புக்குள் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலிப்பருத்தி

டிஎன்ஏ பார்த்து லூக்கஸையும் உடைக்கப்போகிறார்கள் என்றார்களே? கற்பூரவல்லி மாதிரி ஆகிவிடுமா?

கண்டல்காடு

கற்பூரவல்லி 1790-ல் கோலியஸ் அம்போயினிக்கஸ், பிறகு நெடுங்காலம் பிளெக்ட்ராந்தஸ், 2019-ல் மறுபடி கோலியஸ். லூக்கஸில் 2009-ல் வந்த மூலக்கூறு ஆய்வு காட்டியது இதுதான்: லியோனோட்டிஸ் போன்ற பேரினங்கள் லூக்கஸின் கிளைகளுக்கு உள்ளேயே விழுகின்றன. அதாவது பொது மூதாதையின் வழிவந்த எல்லாவற்றையும் அந்தப் பெயர் தழுவவில்லை. மேலே சொன்ன முள்ளுருண்டைச் செடியும் தும்பையும் நாம் நினைத்ததைவிட நெருக்கம். உடைத்தாலும் பெயர் எந்தத் துண்டோடு போகும் என்பதைப் பேரினப் பெயரோடு நிரந்தரமாகக் கட்டப்பட்ட மாதிரிச் சிற்றினம்தான் தீர்மானிக்கும். இன்றைய தாளில் லூக்கஸ் ஆஸ்பெரா என்றே எழுதுங்கள். நாளை மாறினால் பழைய சீட்டைக் கிழிக்காமல் பக்கத்தில் புதிய தீர்வுச்சீட்டு (இன்ன செடி என்று தீர்மானித்து எழுதும் சீட்டு) ஒட்டுவதுதான் முறை.

பனையோலை

'அ'வில் ஆறு புல்லிவட்டம் பார்த்தேன், மேலிருந்து நாலாவது கணு. ஆறிலும் குழாய் வளைவு, குறுவித்துக்கு மேலே ஒடுக்கம், கீழ்ப்பாதி சவ்வு. நீளம் 9 முதல் 11 மி.மீ. மேல்பல் பெரியது. உச்சிக் கணுவில் எடுத்த இரண்டில் மட்டும் வாய் கிட்டத்தட்ட நேர். தண்டு கையை அராவுகிறது. 'இ'யில் புல்லியின் அடியில் காது உண்டு.

லென்ஸ்10

அப்படியென்றால் முடிந்தது. 'அ' லூக்கஸ் ஆஸ்பெரா (வில்டெ.) லிங்க், லேமியேசி. 'ஆ' லூக்கஸ் பைஃப்ளோரா (வால்) ரா.பிர., லேமியேசி. 'இ' டிரைக்கோடெஸ்மா இண்டிகம் (லி.) லெம்., போராஜினேசி, உறையை மாற்றுங்கள்.

சீட்டில் ஊர்ப்பெயரோடு நிறுத்தாமல் அட்சரேகை, தீர்க்கரேகை, மண், பக்கத்துப் பயிர், பூவின் நிறம், தேதி, சேகரிப்பு எண் எல்லாம் வேண்டும். நிறம் காய்ந்தால் போய்விடும். கவிழ்தும்பையின் நீலம் தாளில் பழுப்பாகிவிடும். "உள்ளூர்ப் பெயர்" என்ற வரியில் மூன்றுக்கும் மக்கள் சொன்னதை அப்படியே எழுதுங்கள், திருத்தாமல்.

'ஆ'வுக்குக் காய் இல்லை போலிருக்கிறது. மணல் காய்வதற்குள் அதே இடத்தில் இன்னொரு முறை எடுங்கள், புது எண் போட்டு. பழைய எண்ணில் சேர்க்கக்கூடாது, ஒரு எண் என்றால் ஒரு இடம், ஒரு நாள்.

பனையோலை

சரி அண்ணே. குப்பிக்குள் போட்ட சீட்டில் எண் எழுதவில்லை, ஊர் மட்டும்தான் இருக்கிறது. இப்போது எழுதிவிடுகிறேன், பென்சிலில்.